படம் வந்த வழி: மின்நூலில் படங்களுக்கும் ஒலிக்கும் மூலம் காட்டுதல்

எழுதி முடித்துப் பிழையும் திருத்தியாயிற்று. அட்டைக்குப் புனேயின் சனிவார் வாடாக் கோட்டையின் தில்லி தர்வாஜா வாயில் படம் ஒன்று கிடைத்துவிட்டது. உள்ளே இருபது முப்பது படங்கள். கடைசிப் பக்கத்தில் ‘படங்கள் உதவி: இணையம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கிண்டிலில் ஏற்றிவிடலாம் என்று கை பரபரக்கும் நேரம் இது. அந்த ஒரு வரியை உங்கள் நூலிலிருந்து நீக்க வைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

இணையம் படம் எடுப்பதில்லை, கூகுள் படம் வரைவதில்லை. அந்த வரியால் எடுத்தவருக்குப் பெயரும் கிடைக்காது, வாசகருக்கு வழியும் தெரியாது, நாளை ஒருவர் கேள்வி கேட்டால் உங்களுக்குப் பாதுகாப்பும் இராது.

புனேயைப் பற்றித் தமிழில் ஒரு மின்நூலைச் சொந்தமாக வெளியிடுபவரை மனத்தில் வைத்தே இங்கே எல்லா எடுத்துக்காட்டுகளும் தரப்படுகின்றன. படம் தேடுபவருக்கு இவ்வளவு வாய்த்த ஊர் இந்தியாவில் குறைவு. பாரத் இதிகாஸ் சம்சோதக் மண்டல் 1910இலிருந்தும் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1917இலிருந்தும் இங்கே இயங்குகின்றன. ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் இங்கேதான் தொடங்கியது. வளம் மிகுந்த இடத்தில் குழப்பமும் மிகும். ஆகவே இங்கே பழகிய முறை எந்த ஊர் நூலுக்கும் பொருந்தும்.

நன்றி, அனுமதி, மூலம்

இவை மூன்றும் தனித்தனி வேலைகள். நன்றி சொல்வது பண்பு. அனுமதி பெறுவது சட்டம். மூலம் காட்டுவது வாசகருக்குச் செய்யும் கடமை. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

உரிமை உள்ள படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டு, எடுத்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டாலும் அது மீறல்தான். மறுபக்கம், உரிமைக்காலம் முடிந்த ஓவியத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை யார், எப்போது வரைந்தார் என்று சொல்லாமல் விட்டால் உங்கள் வரலாற்று நூலில் அது வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

பெயர் போடுவது சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட படைப்பாளிக்கும் இரண்டைக் காப்பாற்றித் தருகிறது: தன் படைப்பு தன் பெயரால் அறியப்படுவது, அது சிதைக்கப்படாமல் இருப்பது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. பணம் கொடுத்துச் செய்ய வைத்தது அரசு. அப்படியும் படைப்பாளியின் உரிமை போய்விடவில்லை. அட்டைக்காக ஒருவரின் படத்தை வெட்டி, நிறம் மாற்றி, மேலே எழுத்தைப் போடும்போது இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படம், பல கைகள்

நல்ல மூலக்குறிப்பு என்பது படம் எத்தனை கை மாறி உங்களிடம் வந்ததோ அத்தனை கைகளையும் காட்டுவது. மராட்டிய அரசின் பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துப் புனே பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தர்பாரில் இளம் பேஷ்வா இரண்டாம் மாதவராவ் அமர்ந்திருக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர் சார்லஸ் மாலெட் திப்பு சுல்தானுக்கு எதிரான உடன்படிக்கையைச் செய்துகொள்ளும் காட்சி. பலரும் இதன் கீழே ‘புனே தர்பார், 1790’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

1790 என்பது உடன்படிக்கை நடந்த ஆண்டு. ஓவியம் தீட்டப்பட்டது 1805இல், இங்கிலாந்தில். தீட்டியவர் தாமஸ் டேனியல். மதுரையையும் மாமல்லபுரத்தையும் வரைந்த அதே டேனியல்தான். அவர் அந்த தர்பாரைப் பார்த்தவர் அல்லர். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் புனேயில் இருந்து, தர்பார் மனிதர்களை நேரில் பார்த்து எழுதி வைத்த கோட்டோவியங்களை அடியொற்றியே டேனியல் இதைத் தீட்டினார். வேல்ஸ் இந்தியாவுக்கு வந்ததே 1791இல். ஆக அவரும் உடன்படிக்கையைக் கண்ணால் கண்டவர் அல்லர். 1795இல் அவர் இறந்துபோனார்.

இப்போது குறிப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

படம் 3.1. பேஷ்வா தர்பாரில் சார்லஸ் மாலெட் 1790இல் உடன்படிக்கை செய்துகொள்ளும் காட்சி. ஓவியம்: தாமஸ் டேனியல், 1805, ஜேம்ஸ் வேல்ஸ் புனேயில் நேரில் பார்த்து எழுதிய கோட்டோவியங்களைக் கொண்டு பின்னர் தீட்டியது. இருப்பு: டேட், லண்டன்.

மூன்று வரிதான். ஆனால் இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் இப்போது தாமே எடைபோட முடியும். முகங்கள் நேரில் பார்த்து எழுதியவை, காட்சி பிற்பாடு கட்டியது என்பது குறிப்பிலேயே வந்துவிட்டது.

இதே கதையில் மறைந்துபோகும் இன்னொரு பெயரும் உண்டு. மாலெட்டிடமும் வேல்ஸிடமும் வேலை செய்த புனே ஓவியர் கங்காராம் சிந்தாமண் தாம்பட். எல்லோராக் குகைகளை நுணுக்கமாக வரைந்தவர். அவருடைய ஓவியங்கள் பல இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. உரிமைக்காலம் முடிந்த படங்களை அந்த மையம் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. அங்கிருந்து எடுக்கும்போது ‘யேல்’ என்று மட்டும் போட்டால் போதாது. யேல் வைத்திருக்கும் இடம், தாம்பட் வரைந்த கை.

ரவி வர்மாப் படங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழ் வீட்டுப் பூஜையறைகளில் தொங்கிய லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்த ரவி வர்மா அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கிப் பிறகு லோணாவளாவை அடுத்த மளவலிக்கு இடம் மாறியது. சில ஆண்டுகளில் அதை ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர் வாங்கிவிட்டார். ரவி வர்மா 1906இல் காலமானார். அச்சகம் அதன்பின் பல்லாண்டுகள் ஓடியது, வேறு ஓவியர்களின் படங்களையும் அச்சடித்தது. எனவே அடியில் அச்சகப் பெயர் இருக்கும் எல்லாப் படத்துக்கும் ‘ஓவியம்: ரவி வர்மா’ என்று போட்டுவிடாதீர்கள். ஓவியர் யார் என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால், ‘வண்ண அச்சு: ரவி வர்மா அச்சகம், மளவலி, ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்பது நேர்மையான குறிப்பு.

படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

*நீங்களே எடுத்தது.* படம் உங்களுடையது. படத்துக்குள் இருப்பது யாருடையது? கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பங்களுக்கும் அதே சலுகை உண்டு. சுவரில் தீட்டிய ஓவியம் இந்தச் சலுகைக்குள் வராது. பழைய பேட்டைத் தெருக்களின் சுவரோவியத்தை முழுப் பக்கத்துக்குப் போடுவதானால் தீட்டியவரைத் தேடிக் கேளுங்கள்.

சலுகை இருந்தாலும் சிற்பியின் பெயரை விட வேண்டாம். புனேயில் ஸ்ரீ சிவாஜி ராணுவப் பள்ளி வளாகத்தில் நிற்கும் குதிரைமீதமர்ந்த சிவாஜி சிலை, சிற்பி வி. பி. கர்மார்க்கர் 1928இல் செய்து தந்தது. ‘படம்: ஆசிரியர், சிற்பம்: வி. பி. கர்மார்க்கர், 1928’ என்று எழுத எவ்வளவு நேரமாகும்? வளாகத்துக்குள் போய் எடுப்பதானால் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

*குடும்ப ஆல்பம்.* புனேயின் கட்கியிலோ ராஸ்தா பேட்டிலோ மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதையை எழுதுகிறீர்கள் என்றால் பாதிப் படங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவையாக இருக்கும். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வது இது. ஆகவே தாத்தா எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்துக்கு அவர் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்தப் பெயரையும் சேருங்கள். வருங்கால ஆய்வாளருக்கு அந்த முத்திரை படத்தைவிடப் பெரிய தகவலாக இருக்கலாம். ‘பெரியம்மா வீட்டு ஆல்பம்’ என்று எழுதாமல், எந்தக் குடும்பம், யாருடைய சேகரிப்பு என்று அவர்கள் விரும்பும் பெயரில் எழுதுங்கள்.

*காப்பகமும் பழைய வெளியீடும்.* இங்கே இரண்டு பூட்டுகள். முதலாவது பதிப்புரிமை. ஓவியத்துக்கும் எழுத்துக்கும் படைப்பாளி இறந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். ஒளிப்படத்துக்கும் முன்பு வெளியீட்டுக் கணக்கே இருந்தது. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை எடுத்தவரின் ஆயுளும் 60 ஆண்டும் என்று மாற்றிவிட்டது. பழகுவதற்கு ஒரு எளிய கோடு: இந்தியாவில் 1951 முடிவதற்குள் அச்சில் வெளியாகிவிட்ட ஒளிப்படங்களின் காலம் திருத்தத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிந்தியவற்றை உரிமை உயிரோடிருப்பவையாகவே எண்ணி விசாரியுங்கள்.

இரண்டாவது பூட்டு, பிரதியை வைத்திருப்பவரின் நிபந்தனை. பிரபாத் பிலிம் கம்பெனியின் ‘சந்த் துகாராம்’ 1936இல் வந்தது. அதன் காலம் 1996 இறுதிக்கு மேல் போகாது. ஆனால் அந்தப் படத்தின் காட்சி ஒன்றைக் காப்பகத்தில் கட்டணம் கட்டி நகலெடுத்தால், ரசீதோடு வரும் நிபந்தனைகளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். அதில் கேட்டிருக்கும் வாசகத்தை எழுத்து மாறாமல் போடுங்கள். கூடவே இயக்குநர்கள் வி. தாம்லே, எஸ். ஃபத்தேலால் பெயர்களும் வரட்டும். காப்பகத்தின் பெயர் படைப்பாளியின் பெயருக்கு மாற்றாகாது.

உரிமை உள்ள படமானாலும், அதை விமர்சிக்கவோ மதிப்பிடவோ ஒரு காட்சியை எடுத்தாள்வதற்கு 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்ற அளவில் வழிவிடுகிறது. அந்தக் காட்சியைப் பற்றி அதே இடத்தில் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அட்டைக்கு அழகாக இருக்கிறது என்பது விமர்சனம் ஆகாது.

*பொது உரிமப் படங்கள்.* சொந்தமாக வெளியிடுபவருக்குப் பெரிய துணை விக்கிமீடியா காமன்ஸ். அங்குள்ள பெரும்பாலான படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை. கட்டணம் இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. குறிப்பில் நான்கு செய்தி இருக்க வேண்டும்: தலைப்பு, எடுத்தவர், படம் இருக்கும் பக்கம், உரிமத்தின் பெயரும் பதிப்பும். படத்தை மாற்றியிருந்தால் ஐந்தாவதாக அதையும் சொல்ல வேண்டும்.

படம் 1.2. சனிவார் வாடா, தில்லி தர்வாஜா. எடுத்தவர்: (பக்கத்தில் உள்ள பெயர்). விக்கிமீடியா காமன்ஸ் (இணைப்பு). உரிமம்: சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (இணைப்பு). மேற்பகுதி வெட்டப்பட்டு, கறுப்பு வெள்ளையாக்கப்பட்டது.

எடுத்தவர் புனைபெயரில் இருந்தால் அதையே போடுங்கள். நீங்களாகத் துப்பறிந்து சொந்தப் பெயரை வெளியிட வேண்டாம். உரிமப் பெயரில் ‘என்சி’ இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. நூலை 49 ரூபாய்க்கு விற்றாலும் வணிகம் வணிகம்தான். ‘என்டி’ இருந்தால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. ‘எஸ்ஏ’ இருந்தால், படத்தை மாற்றி நீங்கள் உருவாக்கும் புதுப்படமும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும். அட்டையில் இதை மறந்துவிடுகிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: இந்த உரிமங்கள், பெறுபவரின் கையைக் கட்டும் தொழில்நுட்பப் பூட்டை அனுமதிப்பதில்லை. கிண்டிலில் நூலை ஏற்றும்போது டிஆர்எம் என்னும் அந்தப் பூட்டு வேண்டுமா என்ற கேள்வி வரும். பொது உரிமப் படங்கள் உள்ளே இருந்தால் வேண்டாம் என்றே தேர்ந்தெடுங்கள். குறிப்பு விட்டுப்போய்விட்டது என்று யாராவது சுட்டிக்காட்டினால் பதற வேண்டியதில்லை. 4.0 பதிப்பில், தவறு தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாக மீள்கிறது. மின்நூலின் வசதி இதுதான், திருத்திய கோப்பை அன்றே ஏற்றிவிடலாம்.

*கருவி வரைந்தது.* செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கிய படத்தைப் பழைய புனே என்று வாசகர் நம்பிவிடக் கூடாது. படத்தடியிலேயே சொல்லுங்கள். நூலில் அப்படிப்பட்ட படம் உண்டா என்று கிண்டிலும் 2023 முதல் வெளியீட்டாளரிடம் கேட்கிறது.

ஒலிக்குள் ஒளிந்திருக்கும் பெயர்கள்

இபப் மூன்றாம் வடிவில் ஒலியையும் காணொளியையும் நூலுக்குள்ளேயே வைக்கலாம். படத்தைவிட இங்கே கைகள் அதிகம்.

இந்துஸ்தானி இசைப் பாடகர் அப்துல் கரீம் கான் 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கியவர். கர்நாடக இசையிலும் ஊறியவர். தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றை அவர் பாடிய இசைத்தட்டு உண்டு. 1937இல் புதுச்சேரிக்குப் போகும் வழியில், செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. புனேயையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் நூலில் அந்த இசைத்தட்டைச் சேர்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

சேர்க்கும் முன் அடுக்குகளைப் பிரியுங்கள். இயற்றியவர் தியாகராஜர், 1847இல் மறைந்தவர். பாடியவர் கரீம் கான். தட்டை வெளியிட்ட கம்பெனி ஒன்று, தட்டின் எண் ஒன்று. 1930களில் வெளியான ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. கடைசி அடுக்குதான் இன்று உயிரோடிருப்பது: தட்டைத் தேடி வாங்கி, கீறல் ஓசை நீக்கி, கோப்பாக்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர். அவரிடம் கேளுங்கள், அவர் பெயரையும் போடுங்கள். இயற்றியவர், பாடியவர், கம்பெனியும் தட்டு எண்ணும், ஆண்டு, கோப்பு தந்தவர் என்பதே ஒலிக்கான வரிசை.

யூடியூபில் இருக்கும் காணொளியை இறக்கி நூலில் வைக்காதீர்கள். இணைப்பு கொடுங்கள். ஏற்றியவர் உரிமையாளர்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

குறிப்பை எங்கே வைப்பது?

அச்சு நூலின் பழக்கம் இங்கே செல்லாது. எழுத்தளவை வாசகர் மாற்றியதும் பக்கம் நகர்ந்துவிடும். ‘பக்கம் 34 படம்’ என்றால் யாருக்கும் விளங்காது. அத்தியாயமும் வரிசையுமாக எண்ணிடுங்கள்: 3.1, 3.2.

படத்தடியில் சுருக்கமாக, யார், எப்போது என்பது மட்டும். முழுக்குறிப்பு நூலின் இறுதியில் ‘படங்களும் மூலங்களும்’ என்ற பகுதியில். இரண்டுக்கும் நடுவே போகவும் வரவும் இணைப்பு வைத்துவிடுங்கள். அட்டைப் படத்தின் குறிப்பு மட்டும் முன்பக்கம் பதிப்புரிமைப் பக்கத்தில் இருக்கட்டும். இலவச மாதிரியைப் புரட்டுபவர் கடைசிப் பக்கம்வரை வர முடியாது.

பெயரைப் படத்தின் மேலேயே பொறிப்பதை விட்டுவிடுங்கள். சிறு திரையில் அது புள்ளியாகிவிடும், பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிக்கும் அது எழுத்தாகத் தெரியாது. அந்தக் கருவிக்கென்று எழுதும் மாற்று உரை படத்தில் என்ன இருக்கிறது என்று விவரிக்க வேண்டும். அதில் நன்றியைத் திணிக்காதீர்கள்.

நூலை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளத்தில் பொது உரிமத்தில் வெளியிடுவதாக இருந்தால் ஒரு வரி அவசியம்: ‘இந்நூலின் உரிமம் எழுத்துக்கு மட்டுமே; படங்களுக்கு அவற்றின் கீழுள்ள நிபந்தனைகள் பொருந்தும்.’ இல்லையென்றால், உங்களுக்கு மட்டும் தரப்பட்ட படத்தை ஊருக்கே அள்ளிக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

அனுமதி கேட்கும் கடிதம்

புனே நிறுவனங்களுக்கு மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம். புனேயின் வரலாறு குறித்துத் தமிழில் ஒரு மின்நூலைச் சொந்தமாக வெளியிட இருக்கிறேன். தங்கள் சேகரிப்பில் உள்ள (வரிசை எண், தலைப்பு) படத்தை அதன் உட்பக்கத்தில் ஒரு முறை பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். நூல் கிண்டிலிலும் இபப் வடிவிலும் உலகெங்கும் (விலை) ரூபாய்க்கு விற்கப்படும். பின்னர் அச்சிலும் வரக்கூடும். படம் வெட்டப்படாது. கட்டணம் உண்டா, மூலக்குறிப்பு எந்த வாசகத்தில் இருக்க வேண்டும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அட்டையா உட்பக்கமா, விலை உண்டா இலவசமா, இந்தியாவா உலகமா, அச்சும் உண்டா என்ற நான்கும் இல்லாத கடிதத்துக்குக் கிடைக்கும் அனுமதி அரைகுறை. வாய்மொழியாகச் சரி என்றால், ‘இன்று தொலைபேசியில் சொன்னபடி’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பதில் வரவில்லை என்றால் அது சம்மதம் ஆகாது. வேறு படம் தேடுங்கள்.

கையோடு ஒரு பதிவேடு

மளிகைக் கணக்கைப் போல அன்றன்றே எழுதினால்தான் இது நிற்கும். நூல் முடிந்தபின் உட்கார்ந்தால் பாதிப் படம் எங்கிருந்து வந்தது என்றே நினைவிருக்காது. ஒரு எக்செல் தாளில் படத்துக்கு ஒரு வரி: எண், கோப்பின் பெயர், படைப்பாளி, ஆண்டு, வைத்திருப்பவர், பக்க முகவரி, இறக்கிய தேதி, உரிமம் அல்லது அனுமதிக் கடிதம், நீங்கள் செய்த மாற்றம். உரிமம் தெரியும் பக்கத்தைத் திரைப்பிடிப்பாகவும் சேமியுங்கள். பக்கங்கள் மறையும், ஏற்றியவர் உரிமத்தை மாற்றியதாகவும் காட்டக்கூடும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைப் பதிந்து வைப்பது இன்னும் பலம்.

வாட்ஸாப்பில் வந்த படத்துக்கு இந்தத் தாளில் இடமே கிடையாது. கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டு முதல் இடத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த இடத்தை எழுதுங்கள், கிடைக்காவிட்டால் படத்தை விடுங்கள்.

நூலை ஏற்றும் நாளுக்கு முன்னால், தாளில் எந்தக் கட்டமாவது காலியாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். காலியாக உள்ள வரியின் படத்தை எடுத்துவிட்டு அந்தப் பத்தியை வாசியுங்கள். பெரும்பாலும் பத்தி தன் காலிலேயே நிற்கும். நிற்கவில்லையென்றால் கேமராவை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நீங்களே ஒரு நடை போய்வாருங்கள்.